காற்றின் பேரில் பற்று

மே 24, 2025, சனி

ராத்திரி கண் மூடவில்லை. கரண்ட் போனது, விடியும் வரை வரவில்லை. காற்று. ஜன்னல் கொண்டி கழன்று கழன்று அடித்தது. மூன்று மணி இருக்கும், முற்றத்தில் டம் என்று ஒரு சத்தம். தேங்காய் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன்.

தேங்காய் இல்லை. பால் எடுக்கப் போனால் ஆல்டோவின் முன் கண்ணாடி டிரைவர் பக்கத்து மேல்மூலையிலிருந்து குறுக்கே வெடித்துக் கிடக்கிறது. பானட்டில் ஒரு சொட்டை. பக்கத்து வாழைக்கன்றை மடக்கிப் போட்டுவிட்டு அதன் மேல் கறுப்பாக ஒரு டாங்க் மூடி, மல்லாந்து.

முதலில் எங்கள் மாடிக்கு ஓடினேன். எங்கள் மூடி இருக்கிறது. நிம்மதி. அப்புறம்தான் கோபம் வந்தது.

வீட்டுக்காரர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரோடதோ." பல் தேய்க்கப் போய்விட்டார்.

இன்றைக்குத்தான் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதாம். எட்டு நாள் முந்தி. 2009-க்கு அப்புறம் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லையாம்.

இரவு: துணி எடுக்க மாடிக்குப் போனேன். நனைந்த துணியை எடுத்து என்ன செய்ய. சுற்றிப் பார்த்தேன். எல்லா மாடியிலும் கறுப்பு டாங்க். எல்லாவற்றுக்கும் மூடி. பக்கத்து வீட்டு டீச்சர் டாங்க் மேல் மட்டும் நீலத் தார்ப்பாய், சுற்றிக் கயிறு. நேற்று அது இல்லை. இல்லையென்றுதான் நினைக்கிறேன்.

மே 25, ஞாயிறு

டீச்சர் வந்தார். கையில் சக்கை, பாதி. வருக்கை. "எந்தொரு காற்றா!" என்றார். காரைப் பார்த்தார். "அய்யோ, கண்ணாடி போயோ?" எது விழுந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டாமா? யாராயிருந்தாலும் அதைத்தானே முதலில் கேட்பார்கள்.

இவர் முந்திக்கொண்டு, "காத்துல ஏதோ விழுந்திருக்கு டீச்சர்." ஏதோவாம். மூடி படிக்கட்டுக்குக் கீழே, துடைப்பம் வைக்கிற இடத்தில் இருக்கிறது. நான்தான் அங்கே வைத்தேன்.

சக்கை நல்ல தேன். நாலு சுளை தின்றேன். தின்றிருக்கக் கூடாது என்று தோன்றியது, அப்புறம் இன்னும் இரண்டு.

டிவியில் கப்பல். விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போனது, நேற்றுச் சாய்ந்தது, இன்றைக்கு முழுகியே விட்டது. எம்.எஸ்.சி. எல்சா 3. 640 கன்டெய்னர். ஆட்கள் 24 பேரும் பிழைத்தார்கள், அது புண்ணியம். கன்டெய்னர் கரையில் ஒதுங்கினால் தொடாதே, 200 மீட்டர் தள்ளி நில், 112-க்குக் கூப்பிடு என்று திரும்பத் திரும்ப.

மே 26, திங்கள்

பஸ்ஸில் சாலைக் கடைக்கு, கணக்கு எழுத. கிழக்கேகோட்டையில் முழங்கால் வரை தண்ணீர். செருப்பு ஒன்று வார் அறுந்தது.

கண்ணாடி விஷயம் சொன்னேன். முதலாளி அண்ணாச்சி, "காத்து கொண்டாந்து போட்டா யாரு என்ன செய்ய முடியும்மா?" என்றார். போன வருஷம் எதிர்க்கடை போர்டு பறந்துவந்து நம்ம வத்தல் மூட்டையைக் கிழித்து, மூட்டை நனைந்தபோது எதிர்க்கடை வாசலில் நின்று கத்தியது இதே வாய்தான். பணமும் வாங்கினார். வரவு எழுதியது நான்.

இன்சூரன்ஸ் கடுதாசியைத் தேடி எடுத்தேன். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். 2,094 ரூபாயும் வரியும். இவர் இரண்டு வருஷமாக இதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். பழைய கார், எதுக்கு முழுசா எடுக்கணும் என்று. நம்ம கார் ஊரை இடித்தால் கம்பெனி கொடுக்கும். ஊர் பறந்துவந்து நம்ம காரை இடித்தால் ஒருத்தரும் கிடையாது. முழுக் காப்பீடு இருந்தால் புயல், காற்று, வெள்ளம் எல்லாம் அதில் வரும். கண்ணாடிக்குத் தேய்மானம்கூடப் பிடிக்க மாட்டார்கள்.

சொல்லிக் காட்டினேன். சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டே தலையை ஆட்டினார்.

மே 27, செவ்வாய்

கழுத்து வலி. மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால் வராமல் என்ன.

தார்ப்பாய் அப்படியே இருக்கிறது.

மே 28, புதன்

கடற்கரையெல்லாம் வெள்ளை மணிகளாம். ஜவ்வரிசி மாதிரி. கன்டெய்னர் உடைந்து கொட்டிய பிளாஸ்டிக். இங்கே நம்ம கடற்கரையிலும். சின்னப் பிள்ளைகள் சல்லடை வைத்துச் சலிக்கிறார்கள் மணலை. யார் கொட்டினார்களோ அவர்கள் சலிக்கவில்லை.

மீன்காரி வரவில்லை. கருவாடு வறுத்தேன். வீடு முழுக்க நாற்றம், ஈரத்தோடு சேர்ந்து.

கண்ணாடி மேல் இவர் செலோடேப் ஒட்டியிருக்கிறார்.

மே 29, வியாழன்

வேலைக்கு வரும் அக்கா படிக்குக் கீழே துடைப்பம் எடுக்கப் போனாள். "இது டீச்சரம்மை வீட்டு மூடியல்லே?" என்றாள். சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். டீச்சர் வீட்டிலும் அவள்தான் வேலை. காலை அங்கே, பதினொன்றுக்கு மேல் இங்கே.

நானும் விடவில்லை. எப்படித் தெரியும் என்றேன். உள்பக்கம் வெள்ளைப் பெயின்ட் பட்டிருக்கிறது, போன ஓணத்துக்கு வெள்ளையடித்தபோது பட்டதாம். திருப்பிப் பார்த்தேன். இருக்கிறது. ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு தீற்றல்.

ஏப்ரலில் டாங்க் கழுவ வந்த ஆள் மூடியை முறுக்காமல் சும்மா வைத்துவிட்டுப் போனான் என்றும் சொன்னாள். டீச்சருக்கு மாடி ஏற முடியாது. முட்டு வலி. "ஞான் பறஞ்ஞென்னு பறயல்லே சேச்சி."

அப்படியானால் யார்? டீச்சரா, டாங்க் கழுவினவனா, காற்றா. இவளா? இவளும் தெரிந்துதானே இருந்திருக்கிறாள்.

கப்பல் விபத்தை மாநிலப் பேரிடர் என்று அறிவித்துவிட்டார்கள்.

மே 31, சனி

இவரிடம் பெயின்ட் விஷயம் சொன்னேன். "சரி. அதுக்கு?" என்றார்.

"கேக்கணும்."

"பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவங்க. ஒரு வருஷம். காசு வாங்கினாங்களா?"

இல்லை. வாங்கவில்லை. பத்தாம் வகுப்பில் 58-லிருந்து 91. நான் கொண்டுபோய்க் கொடுத்த புடவையைக்கூடத் திருப்பி, தோளில் போட்டுவிட்டார்கள். அதை எந்தக் கணக்கில் வைப்பது?

ஆனால் அது வேறு, இது வேறு. வேறுதான்.

தூக்கம் வரவில்லை. வேர்வை. மழையிலும் வேர்வை.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தார்கள். பஸ் நிறையக் குட்டிக் குடைகள். முழங்காலில் ஒரு குடை முனை குத்திக்கொண்டே வந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா "சாரி ஆன்ட்டி" என்றாள். பத்து நாளாக எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான் போல. ஒரு சாரி. இல்லை, பணமும் வேண்டும்.

கண்ணாடி மாற்றிவிட்டார் இவர். பேரம்கூடப் பேசவில்லை. கண்ணாடி, பீடிங், கூலி எல்லாம் சேர்த்து 4,800. பானட் டிங்கரிங் 2,600. மொத்தம் 7,400. பில் என்னிடம். ஒரு பிளாஸ்டிக் மூடி இப்படி உடைக்குமா என்று இவர் கேட்டாராம். தட்டையாக விழுந்தால் உடைக்காது, விளிம்பு குத்தினால் போதும் என்றானாம் கடைக்காரப் பையன்.

ஜூன் 4, புதன்

நாகர்கோவில் அத்தானுக்குப் போன் போட்டேன். வக்கீல். இதுவரைக்கும் வீட்டு விசேஷத்துக்குத்தான் பேசியிருக்கிறேன். கேஸ் என்றதும் குரலே மாறிவிட்டது. சந்தோஷம் மனுஷனுக்கு.

தெய்வச் செயல் என்று சொல்லித் தப்பிப்பது அவ்வளவு லேசில்லை என்றார். யாரும் எதிர்பார்க்க முடியாததாக இருக்கணும், ஜாக்கிரதையாக இருந்தும் தடுக்க முடியாததாக இருக்கணும். மத்தியப் பிரதேசத்தில் 1958-ல் ஒரு தீர்ப்பு. மழைநாளில் சுவர் இடிந்து இரண்டு குழந்தைகள் செத்துப்போயின. அன்றைக்கு 2.66 அங்குல மழை. சுவர்க்காரன் தெய்வத்தைக் கைகாட்டினான். மழைக்காலத்தில் மழை பெய்யும் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டது கோர்ட். கேரள ஹைகோர்ட்டிலேயே 1971-ல் ஒன்று, லாரிச் சரக்கைக் கும்பல் கொள்ளையடித்த வழக்கு. நம்ம கையில் இல்லாததெல்லாம் தெய்வச் செயல் ஆகிவிடாது என்று தீர்ப்பு.

"மேல வச்ச பொருள் கீழ வந்தா, வச்சவன்தான் பதில் சொல்லணும் பிள்ளே. சரியா வச்சானா, கட்டினானா, அதுதான் கேள்வி."

எனக்குக் காது குளிர்ந்தது. உடனே மனுஷன் தண்ணீர் ஊற்றினார். மறுபக்கமும் இருக்கிறதாம். 1876-ல் இங்கிலாந்தில் ஒரு சீமாட்டியின் தோட்டத்து ஏரிகள் பெருமழையில் உடைந்து நான்கு பாலங்களை அடித்துக்கொண்டு போயின. அவள் மேல் தப்பில்லை என்று விட்டுவிட்டார்கள். 1997-ல் சுப்ரீம் கோர்ட்: ராஜ்கோட்டில் ஆபீசுக்கு நடந்துபோனவன் மேல் ரோட்டோர மரம் விழுந்து செத்துப்போனான், நகராட்சி நஷ்டஈடு தர வேண்டியதில்லை.

"அப்போ என் கேஸ்?"

"முதல்ல மூடி அவங்களுதுன்னு நிரூபிக்கணும்."

"பெயின்ட் இருக்கு."

"சாட்சி சொல்ல அந்த அக்கா வருவாளா?"

வர மாட்டாள். டாங்க் கழுவினவனைப் பற்றிக் கேட்டேன். அது அவங்களுக்குள்ள, நீ டீச்சர்கிட்டக் கேளு, டீச்சர் அவன்கிட்டக் கேக்கட்டும் என்றார். 7,400-க்கு வஞ்சியூர் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், லீகல் சர்வீசஸில் ஒரு மனுக் கொடு, கூப்பிட்டுப் பேசுவார்கள் என்றார். மூன்று வருஷம் வரைக்கும் நேரம் இருக்கிறது என்றும்.

டீச்சரைக் கூப்பிட்டுப் பேசுவதா? முட்டு வலியோடு வஞ்சியூர் படியேறி வருவார்கள். நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. ஆனாலும் மூன்று வருஷம் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். எங்கள் ஊர் ஆரல்வாய்மொழியில் மூச்சு விட்டாலே காற்று. மலை இடுக்கு வழியாக ஆனியிலிருந்து அடிக்கும், சாப்பிடும் இலை நிற்காது. முப்பந்தல் முழுக்கக் காற்றாலை சும்மாவா வைத்தான். "மூடிக்கு மேல கல்லு தூக்கி வைக்காம எவளாவது டாங்கு வப்பாளா?" என்றாள் அம்மா. ஊரில் எல்லா மூடி மேலும் கல் இருக்கும். ஓட்டு மேல் கல், தகரத்தின் மேல் கல், கோழிக்கூட்டின் மேல் உடைந்த ஆட்டுரல். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பறந்த அம்மி எவன் தலையில் விழுந்தது, அவனுக்கு யார் வைத்தியம் பார்த்தது, அதை எந்தக் கிழவியும் சொல்லி வைக்கவில்லை.

2017 ஒக்கிப் புயலில் எங்கள் ஓடு போய்ப் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில் விழுந்தது. அவர்கள் வாழை எங்கள் கிணற்றில். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை, ஓட்டுக்கு யார் கணக்குக் கேட்பார்கள்.

இது ஒக்கி இல்லை. இது ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை ராத்திரி.

ஜூன் 7, சனி

பக்ரீத் லீவு. பிரியாணி வந்தது மூன்றாம் வீட்டிலிருந்து. டீச்சர் வீட்டுக்கும் போயிருக்கும், அவர் சைவம், அவருக்குப் பாயசம் தனியாக.

பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் காற்று எச்சரிக்கை போனில் வந்தது. முதல் தடவையாகக் கடைசி வரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மரத்தடியில் நிற்காதே. ஜன்னலைச் சாத்து. சுவரில் சாய்த்து வைத்த ஏணி, காற்றில் விழக்கூடிய எதுவானாலும், கயிறு போட்டுக் கட்டி வை. அப்படியே எழுதியிருக்கிறது! ஏணிக்கு உண்டென்றால் மூடிக்கும் உண்டுதானே.

இந்த ஊரில் வானத்தைப் பார்க்க 1837-லேயே சுவாதித் திருநாள் மகாராஜா குன்று மேல் வானாய்வுக்கூடம் கட்டி வைத்துவிட்டார். இன்றைக்கும் எச்சரிக்கை அந்தக் குன்றிலிருந்துதான் வருகிறது. இருநூறு வருஷம் ஆகப்போகிறது வானத்தைப் பார்த்துப் பார்த்து. எதிர்பார்க்கவில்லை என்று இங்கே யார் சொல்ல முடியும்?

டீச்சரிடம் சொல்ல வேண்டியதை மலையாளத்தில் மனப்பாடம் பண்ணினேன். குளிக்கும்போது சரளமாக வந்தது. மதில் பக்கம் போனேன். "சேச்சி, முட்டு வேதன குறஞ்ஞோ?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்னொரு கப்பல், நேற்று. வடக்கே, கண்ணூர் பக்கம் கடலில் எரிகிறது. இதிலும் கன்டெய்னர்.

மீன்காரி அழாத குறை. கடலில் விஷம் என்று எல்லோரும் கோழிக்குப் போய்விட்டார்களாம். "நான் செய்ததா அம்மா?" என்றாள். ஒரு கிலோ சாளை வாங்கினேன். இவர் தொடவில்லை. நானே தின்றேன்.

ஜூன் 11, புதன்

இன்றைக்குக் கடைக் கணக்கு முடிக்கும்போது என்னையறியாமல் தாளில் எழுதியிருக்கிறேன். 7,400. எதிரே பேர் எழுதும் இடம் காலி. யார் பேரிலாவது பற்று எழுதியாக வேண்டும். காற்றின் பேரில் பற்று எழுத முடியாது, காற்றிடம் வசூல் பண்ண ஆள் இல்லை.

அப்படி எழுதச் சொன்னவர்களும் உண்டு. 2019 செப்டம்பர், சென்னை பள்ளிக்கரணை. கல்யாண பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன பெண் மேல் விழுந்து, லாரி ஏறி, 23 வயசு. வழக்குப் போடணும்னா காற்று மேலதான் போடணும் என்று டிவியில் சொன்னார் பொன்னையன். மந்திரியாக இருந்தவர். எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்குச் செய்தி பார்த்துவிட்டு டம்ளரை எறிந்தார். எறிந்த மனுஷன்தான் இன்றைக்கு "காத்துல ஏதோ" என்கிறார். போன வருஷம் மும்பை காட்கோபர், 120-க்கு 120 அடி போர்டு, 17 உயிர். அந்தக் கம்பெனிக்காரனும் கோர்ட்டில் தெய்வச் செயல் என்றான்.

எனக்குப் போனது ஒரு கண்ணாடி. பேசாமல் இருக்கலாம். இருக்க முடியவில்லை.

ஜூன் 12, வியாழன்

அகமதாபாத்தில் விமானம் விழுந்தது. சாப்பிடுகிற பிள்ளைகள் மேல். டிவியை அணைத்துவிட்டேன். இன்றைக்கு வேறு எதுவும் எழுத இல்லை.

ஜூன் 16, திங்கள்

டீச்சர் வீட்டு டாங்குக்குப் புது மூடி! பச்சை. மேலே ஒரு செங்கல், அதைச் சுற்றி நைலான் கயிறு. தார்ப்பாய் போய்விட்டது.

புதுசாக வாங்கினால் பழசு எங்கே என்று யாராவது கேட்க மாட்டார்களா? அவர்களுக்கே தெரிய வேண்டாமா எங்கே போய் விழுந்ததென்று? தெரியும். தெரிந்துதான் பச்சை.

இங்கிலீஷ் நாட்டுப் போர் விமானம் ஒன்று நம்ம ஏர்போர்ட்டில் இறங்கி மாட்டிக்கொண்டு மழையில் நனைகிறது. வாடகை யார் தருவார்கள் என்று பஸ்ஸில் ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

தாங்க முடியவில்லை.

ரெசிடன்ட்ஸ் அசோசியேஷன் குரூப்பில் செய்தி. ஆபத்தான மரம், சாய்ந்த கிளை இருந்தால் வீட்டுக்காரர் சொந்தச் செலவில் வெட்ட வேண்டும், விழுந்து சேதம் வந்தால் அவரே பொறுப்பு. கலெக்டர் உத்தரவு. ஒவ்வொரு மழைக்கும் வருவதுதான். அதற்குக் கீழே டீச்சர் ஒரு போட்டோ போட்டிருக்கிறார். எங்கள் அயனி மரம். அவர்கள் மதிலைத் தாண்டி நிற்கும் கிளை. கூடக் கைகூப்பும் படம் ஒன்று.

எங்களுக்குச் சட்டம்! டீச்சர்! மூடி பறக்கவிட்ட டீச்சர்!

மூன்று பாரா பதில் எழுதினேன். 1958, 1971, பெயின்ட் தீற்றல், 7,400 எல்லாம் போட்டு. இவர் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். "அனுப்பாதே" என்றார். அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

தலையில் ரத்தம் ஏறுவது தெரிகிறது. மாத்திரை இரண்டு நாளாகப் போடவில்லை, மறந்தே போச்சு.

ஜூன் 21, சனி

கிளையைப் போய் நின்று பார்த்தேன். சாய்ந்துதான் இருக்கிறது. சரியாக அவர்கள் படுக்கிற அறைக்கு மேல். தனியாக இருக்கிறார்கள் ராத்திரி.

அதுவும் வேறு, இது வேறு.

ஜூன் 27, வெள்ளி

மரம் வெட்டுகிறவன் 3,500 கேட்டான், 2,500-க்கு வருகிறானாம், மழை விட்டால். மழை விடவில்லை.

வீட்டில் எல்லாத் துணியிலும் பூஞ்சைக் காளான் வாடை. மகன் பெங்களூரிலிருந்து போன் பண்ணினான். டீச்சர் எப்படி இருக்கிறார் என்று முதலில் கேட்டான். என்னை இரண்டாவது.

ஜூலை 3, வியாழன்

காற்று திரும்ப. ராத்திரி இரண்டு தடவை எழுந்து ஜன்னல் வழியாகக் கிளையைப் பார்த்தேன். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. விழுந்தால் நாம்தான். காலையில் இவர் கண்ணும் சிவந்திருந்தது. அவரும் பார்த்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை.

பச்சை மூடி அசையவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பேப்பரில். கேரள அரசு ஹைகோர்ட்டில் கப்பல் கம்பெனி மேல் வழக்குப் போட்டுவிட்டது. 9,531 கோடி. அதே கம்பெனியின் வேறு ஒரு கப்பல் விழிஞ்ஞத்தில் நின்றது, அதைப் பிடித்து வைக்கச் சொல்லி உத்தரவு. முழுகின கப்பலுக்கு நிற்கிற கப்பல் பிணை. நல்ல யோசனை. டீச்சர் வீட்டில் எதைப் பிடித்து வைப்பது? ஏற்கெனவே மூடி என் கையில்தான் இருக்கிறது.

கடையில் பெரிய குரலில் வாசித்தேன். அண்ணாச்சி, "கேட்டாத்தானம்மா கிடைக்கும்" என்றார். இதே அண்ணாச்சிதான் மே மாசம் காற்றைச் சொன்னவர்.

ஜூலை 12, சனி

டீச்சர் மகன் மஸ்கட்டிலிருந்து வந்திருக்கிறான். காலையில் வாசலில் பெரிய செருப்பு.

ஜூலை 13, ஞாயிறு

வந்தான். பேரீச்சம்பழ டப்பா. உட்கார்ந்தான், சாயா குடித்தான், மகனைப் பற்றி விசாரித்தான். நான் அடுக்களை வாசலிலேயே நின்றேன். பிறகு, மிகவும் சாதாரணமாக, "அங்கிள், ஞங்ஙளுடே டாங்கின்டெ பழைய மூடி இவிடெயெங்கானும் வீணோ?"

இங்கே எங்கேயாவது விழுந்ததா என்று கேட்கிறான்! அம்மா அன்றைக்கே தேடினாராம், மாடி ஏற முடியாததால் ஆளை விட்டுத் தேடினாராம். இங்கே கேட்கக் கூச்சமாம்.

கூச்சம். எதற்குக் கூச்சம்? காரைப் பார்த்ததால்தானே?

இவர் எழுந்தார். படிக்குக் கீழே போனார். மூடியை எடுத்து, வேட்டி நுனியால் தூசியைத் துடைத்து, அவன் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். ஏழு வாரம் நான் காப்பாற்றி வைத்தது.

என் வாய் திறந்துவிட்டது. "தம்பி, அது கண்ணாடி மேலதான் விழுந்துது." தமிழில்தான் வந்தது. மனப்பாடம் பண்ணின மலையாளம் ஒன்றும் வரவில்லை.

அவன் முகம் மாறிவிட்டது. மூடியைப் பார்த்தான், ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தான். "எவ்வளவு ஆச்சு ஆன்ட்டி?" அவனும் தமிழில்.

நான் சொல்லுமுன் இவர், "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா." அவன் விடவில்லை. கிளை வெட்டுகிற கூலியை அவனே கொடுப்பதாகச் சொன்னான். எங்கள் மரம், எங்கள் கிளை, உத்தரவுப்படி எங்கள் செலவு. ஆனாலும் அவன் கொடுப்பான். இவர் சரி என்றுவிட்டார். இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள், கல்யாணம் பேசி முடித்த மாதிரி.

அவன் மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். மதிலுக்கு அப்பால் டீச்சர் குரல் கேட்டது, என்னவென்று விளங்கவில்லை.

"கணக்கு தீர்ந்துது பாத்தியா" என்றார் இவர்.

ஜூலை 15, செவ்வாய்

வெட்டியாச்சு. அடுக்களையில் இவ்வளவு வெளிச்சம் இத்தனை நாள் எங்கே இருந்தது. மரக்காரனுக்கு டீச்சர் மகன் 2,500 எண்ணிக் கொடுத்ததை மாடியிலிருந்து பார்த்தேன்.

டீச்சர் சக்கைப் பாயசம் கொடுத்தனுப்பினார், தூக்குவாளியில். கூட ஒரு வார்த்தையும் இல்லை. பாயசம் நன்றாக இருந்தது. தேங்காய்ப்பால் கொஞ்சம் அதிகம். பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாது, மரச்சீனி வறுவல் போட்டு அனுப்பினேன்.

7,400-ல் 2,500 போனால் 4,900. தீர்ந்தது என்று இவர் சொன்னால் ஆகிவிடுமா. பில் பீரோவில் இருக்கிறது. மூடியையும் பெயின்ட் தீற்றலையும் மே மாசமே போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், இவருக்குத் தெரியாது. அத்தான் சொன்ன கணக்குப்படி 2028 மே வரை நேரம் இருக்கிறது.